பாயில் இல்லாத பெயர்கள்

பத்தமடையில் மத்தியானச் சாப்பாடு முடிந்து, ஏனங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு வருகிற பொழுது முழுக்கப் பெண்களுடையது. நான் சொல்வது எழுபதுகளின் பத்தமடை. திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியாகப் பாபநாசம் போகிற பஸ்கள் எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகும். ஆண்கள் வயலுக்கும் கடைக்கும் போயிருப்பார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். வெயில் காயும் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. ஆனால் பாய் நெய்கிற வீடுகளுக்குள்ளிருந்து அச்சு விழுகிற சத்தம் மட்டும் நிற்காது. ஒரு வீட்டில் நின்றால் அடுத்த வீட்டில் கேட்கும்.

அந்த நேரத்தில் நாலு பெண்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். வீடு ராத்தாவுடையது. நாங்கள் அந்தத் தெருவுக்கு அடுத்த தெரு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மூத்த அக்காவை ராத்தா என்று கூப்பிட்டதால் எனக்கும் அவர் ராத்தா ஆனார். என் அம்மாவுக்கும் ராத்தாதான். அம்மா பழஞ்சேலைகளைச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு போவாள். மேலவீட்டு மதினி சுளவோடு வருவார். சுளவில் நனைத்த பீடி இலை, தூள், நூல் கண்டு, கத்தரிக்கோல். நாலாவது ஆள் டீச்சர். இடையன்குடிப் பக்கத்துப் பெண். சேரன்மகாதேவியில் வேலை பார்த்தார். குடியிருந்தது எங்கள் ஊரில். சனி ஞாயிறும் விடுமுறை நாட்களும் அவர் இல்லாமல் அந்தக் கூட்டம் களைகட்டாது. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் உண்டு. ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பதும், கோரைக்குத் தண்ணீர் தெளிப்பதும், பீடிக்கட்டுகளை எண்ணி அடுக்குவதும் என் வேலை.

ராத்தா வீட்டு முன்கட்டில் தறி தரையோடு தரையாகக் கிடக்கும். துணித்தறி மாதிரி குழியோ மிதியோ கிடையாது. இந்தக் கோடியில் ஒரு கம்பு, அந்தக் கோடியில் ஒரு கம்பு, நடுவில் இழுத்துக் கட்டிய பருத்திநூல் பாவு, பாவைத் தூக்கிப் பிடிக்க முக்காலி போலக் கட்டிய மூங்கில், பாவு நூல்கள் நுழைந்து போகும் அச்சு. கோரையைக் குச்சியில் மாட்டிப் பாவுக்குள் ஓட்டி, அச்சை இழுத்து அடிக்க வேண்டும். நெய்ய நெய்ய, நெய்து முடித்த பாயின் மேலேயே உட்கார்ந்து முன்னால் நகர்ந்து போவார் ராத்தா. காலையில் வாசல் பக்கம் இருந்தவர் சாயந்தரம் அடுக்களைப் பக்கம் நகர்ந்திருந்தால் அது முரட்டுப் பாய். நாள் முழுக்க இருந்தும் விரல்கடை அளவுதான் நகர்ந்திருக்கிறார் என்றால் அது பட்டுப்பாய் என்று நாங்கள் சொல்லும் நயம் பாய். பாவு நூலின் நெருக்கத்தைக் கொண்டு தரத்தை நூறு, நூற்றிருபது, நூற்றிநாற்பது என்று எண்ணிச் சொல்வார்கள். நூற்றிநாற்பதில் நெய்த பாயைத் துணிபோல மடித்துவிடலாம். அந்தத் தரத்தில் ஒரு பாய் முடிய மாதக் கணக்காகும். அத்தனை நாளும் முதுகு வளைந்தபடியேதான் இருக்க வேண்டும்.

கோரையின் கதை ஆற்றில் தொடங்குகிறது. தாமிரபரணிக் கரையிலும் கன்னடியன் கால்வாய் ஓரத்திலும் முளைப்பது. நெல் வயலில் அது களை. கார் பருவத்திலும் பிசானத்திலும் அதைப் பிடுங்கி எறியக் கூலிக்கு ஆள் வைப்பார்கள். அதே புல் எங்கள் ஊருக்குள் வந்தால் மரியாதை பெற்றுவிடும். பச்சையாக அறுத்து, நீளவாக்கில் கீறி, வெயிலில் காயவைத்து, பிறகு கட்டுக் கட்டாக ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஓடுகிற தண்ணீர் என்பது முக்கியம். குட்டைத் தண்ணீரில் போட்டால் நிறமும் மாறும், கோரையும் நாறும். ஆற்றில் சில நாள் கிடந்தால் கோரை மூன்று பங்கு உப்பிவிடும். எடுத்து மறுபடி காயவைப்பார்கள். நயம் பாய்க்கு வேண்டியதை உள்சோற்றை வழித்து எடுத்துவிட்டு, கத்தி முனையால் மயிரிழையாகப் பிளப்பார்கள். இந்தப் பிளக்கிற வேலைதான் எல்லாவற்றிலும் கடினம் என்று நான் நினைக்கிறேன். கை நடுங்கினால் போச்சு. ராத்தாவின் இடக்கைப் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் இறுகிப்போய்க் கோடு கோடாக இருக்கும்.

சாயம் போடுகிற நாள் தெருவுக்கே தெரியும். சிவப்புக்குச் சப்பங்கம் கட்டையை வேகவைப்பார்கள். அந்த வாசனை வெற்றிலைக்காவி வாசனையும் நனைந்த மரத்தின் வாசனையும் கலந்தது. பிறகு பொடிச்சாயம் வந்தது. வேலை சுலபமானது, பச்சையும் ஊதாவும் கண்ணைப் பறித்தன. ராத்தா மட்டும் கட்டைச் சாயத்தின் சிவப்பை விடவில்லை. “பொடிச் செவப்பு முத நாளு சத்தம் போடும். கட்டைச் செவப்பு வருசம் ஆவ ஆவத்தான் பேசும்” என்பார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாயம் காயாது, கோரையும் காயாது. அப்போதுதான் அந்தக் கூட்டத்தில் பேச்சு அதிகமாகும்.

அம்மா செய்தது எந்தக் கடையிலும் விற்காத வேலை. பழஞ்சேலைகளை அடுக்கி, ஓரம் மடித்து, குறுக்கும் நெடுக்கும் ஓட்டுத்தையல் போட்டுப் பிள்ளை விரிப்பு தைப்பாள். எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன பழந்துணிதான் முதலில் மேலே படவேண்டும். தெருவில் யாராவது பிள்ளை உண்டாகியிருந்தால் ஏழாம் மாதத்திலேயே அம்மா சேலை கேட்டுப் புறப்பட்டுவிடுவாள். வீட்டுக்கு ஒரு துண்டு. மதுரைச் சுங்குடி, வீரவநல்லூர்த் தறிச்சேலை, யாரோ ஒரு ஆச்சியின் நார்ப்பட்டு, மதினியின் வாயில் சேலை, டீச்சரின் வெள்ளைச் சேலை, ராத்தாவின் பழைய துப்பட்டி. நல்ல பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவளின் சேலை என்றால் அதற்குக் கிராக்கி அதிகம். அடியில் தடித்த துணி, நடுவில் இரண்டடுக்கு மெல்லியது, மேலே நிறம் பார்த்து ஒட்டுப்போட்ட துண்டுகள். கிழிந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு நல்ல இடத்தை மட்டும் சதுரமாக எடுப்பாள். இரண்டு விரல்கடைக்கு ஒரு வரிசை தையல். அந்த விரிப்பைப் பார்த்தால் பிள்ளை எந்தெந்த வீடுகளுக்கு நடுவே பிறந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். தைத்து முடித்த விரிப்பை ராத்தா நெய்த சின்னப் பாயின் மேல் போட்டுத்தான் குழந்தையைக் கிடத்துவார்கள். கோரை சூடு தாங்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை; மே மாதத்து எங்கள் ஊர் வெயிலில் அதை அனுபவித்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

டீச்சர் மடியில் ஒரு உருளைத் தலையணை இருக்கும். அதில் ஓலைபோல ஒரு மாதிரித்தாள், தாள் முழுக்கக் குண்டூசி, ஊசிகளைச் சுற்றி நூல், ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு சின்னக் கட்டை. அந்தக் கட்டைகளை அவர் இடம் மாற்றிப் போடும்போது மழை ஓட்டில் விழுகிற மாதிரி சத்தம் வரும். லேஸ் பின்னுவது அவர் அம்மாவிடமிருந்தும், அம்மாவுக்கு அவர் அம்மாவிடமிருந்தும் வந்தது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் அங்கே விடுதிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் மகள் எலைசாவை 1844இல் கால்டுவெல் மணந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல். எலைசாவோடு லேஸும் இடையன்குடி தேரிக்காட்டுக்கு வந்தது. நாகர்கோவில் பக்கம் லேஸ் கூலியைச் சேர்த்து அடிமைத்தளையிலிருந்து தம்மையே மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள் என்பதை டீச்சர் சொல்லித்தான் முதலில் கேட்டேன். சொல்லும்போது கை நிற்காது. அவர் கையால் பின்னிய லேஸ் ஒரு முழம், அம்மா தைத்த ஒவ்வொரு விரிப்பின் தலைமாட்டிலும் இருக்கும். காசு வாங்கமாட்டார். “பிள்ளைக்கு நான் குடுக்கிற சீரு இது” என்பார்.

மதினியின் வேலையைப் பற்றி விரித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பீடி சுற்றுவதில் கை வேகம் உண்டு, நேர்த்தி உண்டு. ஆனால் அது நெஞ்சைத் தின்கிற தொழில். ஆயிரம் சுற்றினால்தான் அன்றைய கூலி முழுசாக வரும் என்பதால் அவர்தான் எல்லாருக்கும் கடைசியாகத் தலை நிமிர்வார். அந்த நான்கு பேரில் கதை சொல்லத் தெரிந்தவரும் அவர்தான்.

ஜன்னலில் ஒரு டிரான்சிஸ்டர். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இல் வந்துவிட்டது. ஆனாலும் பிற்பகலுக்கு இலங்கை வானொலிதான். முள்ளைத் திருப்புகிற உரிமை ராத்தாவின் கடைசித் தம்பிக்கு. அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா பேச்சின் வேகத்துக்கு அச்சு அடிக்க முடியுமா என்று மதினி ஒருநாள் பந்தயம் கட்டினார். அப்துல் ஹமீதின் குரல் வந்தால் ராத்தா சத்தத்தைக் கூட்டச் சொல்வார். என்றாவது காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் வந்துவிட்டால் எல்லாக் கையும் ஒரு கணம் நின்று பிறகு நடக்கும். எங்களுக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர்க்காரர் அல்லவா.

நோன்பு மாதத்தில் கூட்டம் கலையாது, பேச்சு மட்டும் குறையும். ராத்தா எச்சில்கூட விழுங்காமல் நெய்துகொண்டிருக்கும்போது மற்றவர்கள் அங்கே தண்ணீர் குடிக்கமாட்டார்கள். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லியதில்லை; அவர்களாகவே குடிக்கமாட்டார்கள். மக்ரிப் பாங்கு கேட்டதும் எங்கள் வீட்டுத் தூக்குவாளி நோன்புக்கஞ்சியோடு திரும்பும். வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிகிற வரைக்கும் தறி சும்மா கிடக்கும்.

கல்யாணப் பாய்க்குத்தான் எங்கள் ஊர் பேர் பெற்றது. மணமகன் பெயர், மணமகள் பெயர், கல்யாணத் தேதி மூன்றையும் பாயிலேயே நெய்து கொடுப்பார்கள். மதுரை, நாகர்கோவில், மெட்ராஸ் என்று எங்கிருந்தெல்லாமோ ஆர்டர் வரும். ராத்தா ஓதப்பள்ளியில் குர்ஆன் ஓதி முடித்தவர். அரபு எழுத்து தெரியும். தமிழ் எழுத்து தெரியாது. டீச்சர் வந்த பிறகு அதற்கு ஒரு வழி பிறந்தது. கணக்கு நோட்டின் கட்டம் போட்ட தாளில் டீச்சர் பெயரை எழுதித் தருவார். ஒரு கட்டம் ஒரு கோரை. நிரப்பிய கட்டம் சாயக்கோரை, வெறுங்கட்டம் வெள்ளைக்கோரை. ‘இ’யும் ‘ஐ’யும்தான் தொல்லை என்பார் ராத்தா, வளைவை எண்ணிக்கையில் கொண்டுவர வேண்டும். ‘ப’வும் ‘ட’வும் உள்ள பெயர் வந்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும். வாசிக்கத் தெரியாத எழுத்தைப் பிசகாமல் நெய்கிற அந்த விரல்களை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பாய்க்குச் சொல்லியிருந்தார்கள். நூற்றிருபது. பாய் அநேகமாக முடிந்துவிட்டது. தலைமாட்டில் பெயர் போட்டு, ஓரக்கரை மட்டும் பாக்கி. அன்று பெண்ணின் தாய்மாமா வந்து திண்ணையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேச்சே எழவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். சொந்தத்திலேயே ஒரு பையனைப் பேசி முடித்தாயிற்று, முகூர்த்தத் தேதியை மாற்றவில்லை. “பாய் வேண்டாம்மா, முன்பணம் கிடக்கட்டும்” என்றார். ராத்தா அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, “புதுப் பேரை மட்டும் சொல்லிட்டுப் போங்க காக்கா” என்றார்.

இரண்டு பெயரும் ஒரே வரிசையில் இருப்பதால் மாப்பிள்ளை பெயரைப் பிரித்தால் பெண்ணின் பெயரையும் பிரித்துத்தான் ஆகவேண்டும். ஒவ்வொரு கோரையாக, பாவு நூல் அறுந்துவிடாமல் உருவ வேண்டும். அன்று மதினி சுளவை ஓரம் தள்ளி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் கூலி போயிற்று. அதை யாரும் பேசவில்லை. அம்மா ஒரு பக்கம், மதினி ஒரு பக்கம், நடுவில் ராத்தா. டீச்சர் சிம்னி விளக்குக்குப் பக்கத்தில் புதுக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். கரண்ட் வந்து வந்து போனது. ராத்தாவின் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து நிலைமையைப் பார்த்துவிட்டு, தானே சுக்குக்காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். பிரித்து முடித்தபோது அந்த அகலத்தில் ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை. ராத்தா உள்ளங்கையால் பாவைத் தடவிப் பார்த்துச் சொன்னார்: “பாவு தாங்கிருச்சி, பாத்தியளா. அந்தப் புள்ளையும் தாங்கிக்கிடும்.”

பாய் முகூர்த்தத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. கூடுதலாக ஒரு பைசா வாங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் டீச்சர் மிச்சமிருந்த கட்டத்தாளில் ராத்தாவின் பெயரை எழுதி நீட்டினார். ராத்தாவுக்கு அது தன் பெயர் என்று தெரியவில்லை. யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டார். சொன்னதும் வெட்கம் வந்துவிட்டது. “எம் பேரைப் பாயில போட்டு யாரு படுக்கப் போறா?” என்று தாளைச் சுருட்டி அரிசிப்பானைக்குப் பின்னால் செருகிவைத்தார். ஆனால் அடைமழை நாட்களில், ஆர்டர் இல்லாத நேரத்தில், மிச்சக் கோரையைக் கொண்டு ஒரு தடுக்கு நெய்தார். ஒருவர் உட்காரும் அளவு. கட்டைச் சிவப்பில் அவர் பெயர். வேறொன்றும் இல்லை. டீச்சருக்கு மாற்றலாகிப் போகும்போது அதைக் கையில் கொடுத்தார். எனக்குத் தெரிந்து அவர் பெயர் உள்ள ஒரே நெசவு அதுதான்.

எங்கள் ஊர்ப் பாய்க்குப் பெருமைகள் குறைவில்லை. ஆற்றங்கரைக் கோரையை இவ்வளவு நயமாகப் பிளந்து நெய்யலாம் என்று முதலில் செய்து பார்த்தவர் ஹசன் பாவா லெப்பை என்று ஊரில் சொல்வார்கள். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் பரிசாகப் போனதை எங்கள் ஊரில் குழந்தையும் சொல்லும். 2012-13இல் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்து வீரவநல்லூரின் செடிபுட்டா சேலைக்கு 2023இல் கிடைத்தது. இவை வேண்டிய காரியங்கள்தான். இன்னோர் ஊரில் செய்ததைப் பத்தமடைப் பாய் என்று விற்கமுடியாமல் அவை தடுக்கும். ஆனால் அந்தக் குறியீடு காப்பது ஊரின் பெயரை. பெற்றுக்கொண்ட ராணியின் பெயர் உலகத்துக்கே தெரியும். அந்தப் பாயின் மேல் உட்கார்ந்து விரல்கடை விரல்கடையாக நகர்ந்த கைகளின் பெயரைக் கேட்டால் ஊருக்குள்ளேயே ஆளுக்கொரு வீட்டைக் காட்டுவார்கள்.

பல வருடம் கழித்து அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரைப் பற்றிப் படித்தபோது எனக்கு ராத்தா வீட்டு முன்கட்டு ஞாபகம்தான் வந்தது. அலபாமா ஆறு வளைந்து போகிற மடியில் இருக்கிற ஊர். அடிமைகளாகப் பருத்திக்காட்டில் உழைத்தவர்களின் வாரிசுகள். அங்கே பெண்கள் கிழிந்த வேலையுடுப்பையும் சாக்குத்துணியையும் ஒட்டுப்போட்டுப் போர்வை தைத்தார்கள். குளிருக்காகத் தைத்தார்கள். 1966இல் அந்தப் பக்கத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவும் தொடங்கினார்கள். 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் அதையடுத்து நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் அந்தப் போர்வைகள் சுவரில் ஏறின. 2006இல் அமெரிக்கத் தபால்தலைகளில் வந்தன. மேரி லீ பெண்டால்ஃப் தைத்தது, லொரெட்டா பெட்வே தைத்தது என்று ஒவ்வொன்றையும் அதன் கைக்குரியவர் பெயரோடுதான் இன்று உலகம் பேசுகிறது. அம்மா தைத்த விரிப்புகளுக்கு அவற்றைவிட ஒரு மாற்றுக் குறைவு என்று நான் ஒப்பமாட்டேன். அம்மா விரிப்புகள் பிள்ளை மூத்திரத்தில் நனைந்து, துவைத்து, காய்ந்து, நைந்து, கடைசியில் அடுப்படிக் கரித்துணியாகித் தீர்ந்தன. அவை அதற்காகத்தான் தைக்கப்பட்டவை. அதில் எனக்கு வருத்தமில்லை. பத்துப் பதினைந்து வீட்டுச் சேலைகளைக் கேட்டு வாங்கி ஒன்றாகத் தைக்கிற அந்த வழக்கம் போனதில்தான் வருத்தம். இன்று பிள்ளை பிறந்தால் கடையில் ரப்பர் விரிப்பு கிடைக்கிறது. பக்கத்து வீட்டில் பழஞ்சேலை கேட்டால் தப்பாக நினைப்பார்கள்.

எண்பதுகளின் கடைசியில் பிளாஸ்டிக் பாய் வந்தது. மழையில் நனையலாம், துடைத்துப் போடலாம், விலையும் மலிவு. முதலில் முரட்டுப் பாய்க்கு அடி விழுந்தது. ஊரில் பெரும்பாலான வீடுகள் பிழைத்தது முரட்டுப் பாயில்தான். நயம் பாய் பேருக்கு, முரட்டுப் பாய் சோற்றுக்கு. ஆறும் மாறியது. மணல் அள்ளி அள்ளிக் கரை சிதைந்த பிறகு 2010இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் எடுக்கத் தடை போட்டது. தண்ணீரில் கழிவு கலந்த இடங்களில் கோரையை ஊறப்போட யாருக்கும் மனம் வராது. ஓடுகிற தண்ணீர் வேண்டும் என்றேனே, அது சுத்தமாகவும் ஓட வேண்டும். பாய் நெய்த வீடுகளில் பெண்பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனார்கள். அது நல்லது. ராத்தாவும் அதைத்தான் விரும்பினார். தன் மகளைத் தறியில் உட்காரவிடவில்லை. “எம் முதுவோட போவட்டும்” என்றார்.

முதலில் அந்தக் கூட்டத்திலிருந்து விடைபெற்றவர் மதினி. நெஞ்சில் சளி, இருமல், பிறகு ஆஸ்பத்திரி. அவர் சுளவை அவர்கள் வீட்டில் வெகுகாலம் அரிசி புடைக்க வைத்திருந்தார்கள். டீச்சர் ஓய்வு பெற்றுத் திருநெல்வேலி சிந்துபூந்துறையில் ஆற்றுக்குப் பக்கத்தில் குடியிருந்தார். 1992 நவம்பரில் தாமிரபரணி கரைபுரண்டு ஊருக்குள் வந்தபோது அவர் வீட்டில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. உயிரோடு மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். வடிந்த பிறகு பார்த்தால் லேஸ் தலையணையும் இல்லை, தடுக்கும் இல்லை. தடுக்கைப் பற்றிச் சொல்லும்போதுதான் அவர் அழுதார். ராத்தாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அம்மாவைச் சொல்லச் சொன்னார். அம்மா சொன்னாள். “ஆத்துல வந்த கோரைதானே, ஆறு எடுத்துக்கிட்டுது. டீச்சர் நல்லா இருக்காவளா, அதச் சொல்லு” என்று கேட்டார் ராத்தா. இன்னொன்று நெய்துதர அப்போது அவர் கண்ணில் பார்வை போதவில்லை. ராத்தா மவுத்தான செய்தி எனக்குச் சென்னையில் கிடைத்தது. அம்மா அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தாள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சிந்துபூந்துறைப் படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது டீச்சர் குடியிருந்த சந்தைத்தான் கண் தேடியது. அவரும் அப்போது இல்லை.

என் கல்யாணப் பாய் ராத்தா நெய்ததுதான். என் பெயர் இருக்கிறது, என் வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது. ஓரத்தில் பாவு நைந்துவிட்டது. சிவப்பு மட்டும் அவர் சொன்னதுபோல இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறது.

அவர்கள் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் அச்சில் ஏற்றுவது முறையல்ல. அந்தப் பெயரைப் போடவேண்டிய இடம் என் கட்டுரையுமல்ல.

பத்தமடையில் இன்றும் தறி ஓடுகிறது. குறைந்த வீடுகளில், பெரும்பாலும் பெண்கள் கையில் ஓடுகிறது. பெயர் போட்ட கல்யாணப் பாயை இன்றும் நெய்து தருகிறார்கள். உங்கள் வீட்டில் கல்யாணம் வந்தால், முகூர்த்தத்துக்குச் சில மாதம் முன்பே போய்ச் சொல்லுங்கள். நேரில் போங்கள், தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். மணமக்கள் பெயரைக் கொடுக்கும்போது, நெய்கிறவரின் பெயர் என்ன என்று கேளுங்கள். அவருக்குச் சம்மதமானால் கால்மாட்டு ஓரத்தில் அந்தப் பெயரையும் போடச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் நாட்களுக்கான கூலியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.